வெள்ளையடிக்கிற செலவு யாரோடது? – வாடகை வீட்டுச் சட்டங்களின் கதை

வாடகை வீடு பத்தி பதிவுகள்ல வந்த புலம்பல்களை எல்லாம் தொகுத்தா தலையணை சைஸ்ல ஒரு புத்தகம் போடலாம். அட்வான்ஸை முழுங்கின ஓனர், ஆணி அடிச்சா ஓடி வர்ற ஓனர், ராத்திரி மோட்டார் போடாத ஓனர்னு வரிசையா ஆட்கள் இருக்காங்க. எல்லாமே குடியிருக்கிறவங்க பக்கத்துக் கதை. நியாயமான புலம்பல்தான். பொட்டி தட்டுற வேலைக்காக ஊரை விட்டு வந்து நானும் வாடகை வீட்லதான் இருக்கேன். ஆனா இந்தப் பதிவு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்களைப் பத்தி.

காரணம், ஊர்ல எங்க தாத்தா கட்டின வீடு ஒண்ணு வாடகைக்கு விட்டிருக்கு. கணக்கு வழக்கு என் தலையில. ஊர்னா ஆத்தூர். உடனே "சேலம் ஆத்தூரா?"ன்னு கேக்காதீங்க மக்களே, அது வேற. இது தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணி கடல்ல சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற வெத்தலை ஆத்தூர். எங்க வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சிருக்குன்னு ஒரு சின்ன விளம்பரமும் போட்டுக்கறேன் :)

ஒரு பக்கம் ஓடு, ஒரு பக்கம் மட்டப்பா போட்ட பழைய வீடு. கடல் காத்துல உப்பு. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், சுவத்துல காரை உதிரும், பனங்கையை கரையான் பாக்கும். குடியிருக்கிற டீச்சரம்மா போன் பண்ணி "தம்பி, அடுக்களை ஓடு ஒழுகுது"ன்னா கொத்தனாரைத் தேடணும். வருஷ முடிவுல வாடகை வரவையும் செலவையும் எக்செல்ல போட்டுப் பாத்தப்போ ஒரு கேள்வி வந்தது. வீட்டைப் பராமரிக்கிற செலவு யாரோடது, எவ்வளவுன்னு சட்டம் என்னைக்காவது உருப்படியா சொல்லியிருக்கா?

தேடிப் பாத்ததுல கெடச்ச கதை நான் நெனச்சதை விட சுவாரசியமா இருந்தது.

1882: ரெண்டு பேருமே பொறுப்பில்லை

வெள்ளைக்காரன் போட்ட சொத்து மாற்றச் சட்டம் 1882லிருந்து ஆரம்பிப்போம். இன்னைக்கும் அமலில் இருக்கிற சட்டம். அதோட 108ஆவது பிரிவு, வாடகைக்கு விடுபவர், எடுப்பவர் இருவரின் கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது. சொத்தில் மறைந்திருக்கும் குறையை உரிமையாளர் சொல்லிவிட வேண்டும். குடியிருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. குடியிருப்பவர், வரும்போது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானம் தவிர.

சரி, ரிப்பேர்? "உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரைச் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தானே செய்து வட்டியோடு வாடகையில் கழிக்கலாம்" என்ற அர்த்தத்தில் ஒரு விதி இருக்கு. ஆனா உரிமையாளர் எந்த ரிப்பேருக்குக் கடமைப்பட்டவர்? அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்துல எழுதலைன்னா யாருக்கும் கடமை இல்லை. தேய்மானம் குடியிருப்பவர் கணக்கில் வராது, சரி செய்யும் கடமை உரிமையாளருக்கும் கிடையாது. நடுவுல சுவர் மட்டும் தேஞ்சுக்கிட்டே இருக்கும்.

எங்க பக்கம் ஒத்தின்னு ஒரு வழக்கம் உண்டு, சென்னைப் பக்கம் போக்கியம்பாங்க. மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துட்டு மாச வாடகை இல்லாம குடியிருப்பாங்க, காலி பண்றப்போ பணம் திரும்ப வந்துரும். சட்டத்தின் பார்வையில அனுபவ பாத்தியதையோட இருக்கிற அடமானத்துக்கு, அதே 1882 சட்டத்தோட 76ஆவது பிரிவு ஒரு விதி வெச்சிருக்கு. வேற ஒப்பந்தம் இல்லைன்னா, சொத்திலிருந்து வரும் வருமானத்துக்குள் அடங்குகிற அவசிய ரிப்பேரைக் கையில் வைத்திருப்பவர்தான் செய்யணும். அடமானத்துக்கு இவ்வளவு தெளிவா யோசிச்சவங்க, வாடகைக்கு யோசிக்காம விட்டுட்டாங்க.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். அதே சட்டத்தோட 106ஆவது பிரிவுப்படி, மாச வாடகைக்கு இருப்பவரை 15 நாள் நோட்டீசில் காலி செய்யச் சொல்லலாம். காரணமே சொல்ல வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு 15 நாள்! அடுத்து வந்த சட்டங்கள் ஏன் குடியிருப்பவர் பக்கம் சாய்ந்தன என்பதற்கு இது ஒன்றே போதும்.

போர் வந்தது, வாடகை உறைந்தது

உலகத்துல வாடகைக் கட்டுப்பாடு பெரும்பாலும் போரோடதான் பொறந்திருக்கு. முதல் உலகப்போர் சமயம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்காக ஆட்கள் குவிந்தார்கள். உரிமையாளர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915ல் மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னின்று வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அந்த வருஷமே பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையை உறைய வைக்கும் சட்டம் போட்டது. 1918ல் பம்பாய்க்கும் அது மாதிரி ஒரு சட்டம் வந்தது.

நம்ம பக்கம் இரண்டாம் உலகப்போர். சிமெண்டும் இரும்பும் போருக்குப் போனதால புது வீடு கட்ட முடியல. பர்மாவிலிருந்து ஜனங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமா வெளியூர்களுக்குக் கிளம்பினாங்க. இதுக்கு முன்னமே, 1941ல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை மாகாண அரசு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்தது.

போர் 1945ல் முடிஞ்சது. கட்டுப்பாடு முடியல. 1946ல் சட்டம், 1949ல் அதற்குப் பதில் இன்னொரு சட்டம், கடைசியா 1960ல் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். சென்னை நகரத்துக்கும் மாகாணத்து நகராட்சிகளுக்கும் அது பொருந்தும். 1866லிருந்தே நகராட்சியா இருந்த தூத்துக்குடியும் அதுக்குள்ள வந்துருச்சு. தற்காலிகமா போட்ட போர்க்கால உத்தரவோட பேரன், சுமார் 58 வருஷம் உயிரோட இருந்தது.

1960 சட்டத்தின் உள்ளே

இந்தச் சட்டம் குடியிருப்பவருக்குக் கொடுத்த பாதுகாப்பு உண்மையானது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, கட்டடத்தை நாசம் செய்வது, உரிமையாளருக்கே சொந்தத் தேவை என்று சட்டம் பட்டியலிட்ட காரணங்கள் இருந்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். அதையும் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டும். உரிமையாளர் வாடகை வாங்க மறுத்தாலும் டெபாசிட் செய்ய வழி உண்டு.

'நியாய வாடகை' என்றும் ஒன்று இருந்தது. இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் மனு போட்டு நிர்ணயிக்கச் சொல்லலாம். மனையின் மதிப்பையும் கட்டடத்தின் செலவையும் கூட்டி, குடியிருப்பு வீட்டுக்கு அதில் வருஷத்துக்கு 6 சதவீதம், மற்ற கட்டடத்துக்கு 9 சதவீதம். 1973ல் இதை 9, 12 என்று உயர்த்தினார்கள். கட்டடத்தின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிக்கப்படும்.

இங்கதான் எனக்குள்ள இருக்கிற இஞ்சினியர் முழிச்சுக்கிட்டான். கட்டடம் பழசாக ஆக, தேய்மானம் கழிச்சு அதோட மதிப்பு குறையும், அதனால வாடகையில கட்டடத்தோட பங்கும் குறையும். ஆனா கட்டடம் பழசாக ஆக ரிப்பேர் செலவு ஏறத்தானே செய்யும்? ஒரு கோடு கீழ போகுது, இன்னொரு கோடு மேல போகுது. ரெண்டும் எங்கேயோ வெட்டிக்கும். அந்தப் புள்ளியில உரிமையாளர் கொத்தனாரைக் கூப்பிடறதை நிறுத்திடுவார்.

இன்னொண்ணு. நியாய வாடகை ஒரு தடவை நிர்ணயமான பிறகு ஏத்தணும்னா, உரிமையாளர் தன் செலவில் ஏதாவது கூடுதலா கட்டியிருக்கணும், மேம்படுத்தியிருக்கணும், இல்லை மாற்றம் செஞ்சிருக்கணும். அதுவும் ஆள் குடியிருந்தா அவர் கேட்டுச் செஞ்சதா இருக்கணும். நகராட்சி வரி ஏறினா அந்த அதிகப்படியைக் குடியிருப்பவரிடம் வாங்க வழி இருந்தது. சுண்ணாம்பு விலை, கொத்தனார் கூலி ஏறினா? வழி இல்லை. புதுசா ஒரு ரூம் கட்டினா வாடகை கூடும், இருக்கிற ரூம் இடியாம பாத்துக்கிட்டா கூடாது.

உரிமையாளர் ரிப்பேர் செய்யலைன்னா? 22ஆவது பிரிவுப்படி குடியிருப்பவர் மனு போட்டு, அனுமதி வாங்கி, தானே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனா உச்சவரம்பு உண்டு. ஒரு வருஷத்துக்கு அந்த வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாச வாடகை. 50 ரூபா வாடகை வீடுன்னா வருஷத்துக்கு 50 ரூபா ரிப்பேர்!

ஒரே வீடு, நாலு கணக்கு

இந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பாத்த பிறகு, அரசாங்கம் மத்த இடத்துல ரிப்பேருக்கு என்ன கணக்கு வெச்சிருந்ததுன்னு தேடினேன். மாசம் 6,000 ரூபா, வருஷம் 72,000 ரூபா வாடகை வர்ற வீடுன்னு ஒரு உதாரணம் வெச்சுக்குவோம்.

மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920: வீட்டு வரி போடும்போது, கட்டடத்துக்கு உரிய வாடகையில் ரிப்பேருக்காக 10 சதவீதம் கழிக்கும். 7,200 ரூபா. (கணக்கு சுலபமா இருக்க மனையின் பங்கை இங்கே விட்டுட்டேன்.)

வருமான வரிச் சட்டம், 1922: ரிப்பேர் உரிமையாளர் பொறுப்பு என்றால் ஆறில் ஒரு பங்கு கழிக்கும். 12,000 ரூபா. 1961ல் வந்த சட்டமும் இதே ஆறில் ஒன்றோடுதான் ஆரம்பித்தது.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1960: பன்னிரண்டில் ஒன்று. 6,000 ரூபா.

இன்றைய வருமான வரி: ரசீது எதுவும் கேட்காமல் 30 சதவீதம் கழிவு. 21,600 ரூபா. 2001ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தில் வந்தது. வசூல், இன்சூரன்ஸ் மாதிரி மத்த செலவும் இதுக்குள்ள அடக்கம்.

நாலும் ஒரே வகைக் கணக்கு இல்லைன்னு யாராவது பின்னூட்டத்துல சண்டைக்கு வருவீங்க, அதனால நானே சொல்லிடறேன். மூணு வரிக் கழிவு, ஒண்ணு குடியிருப்பவர் கழிக்கக்கூடிய உச்சவரம்பு. ஒப்புக்கறேன். ஆனா ஒரு வீட்டைப் பராமரிக்க என்ன செலவாகும்ங்கிற கேள்விக்கு 8லிருந்து 30 சதவீதம் வரைக்கும் பதில் இருந்திருக்கு. அதுல ஆகக் குறைஞ்ச பதில், குடியிருக்கிறவரோட தலைக்கு மேல இருக்கிற கூரையைப் பத்தின சட்டத்துல இருந்தது. இது உரிமையாளருக்கு மட்டுமா நஷ்டம்? ஒழுகுற வீட்ல படுத்துக் கெடந்தது யாரு?

இடிஞ்சாத்தான் காலி

1960 சட்டத்துல 14ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஆள் இருக்கும்போது செய்ய முடியாத ரிப்பேர்னா காலி செய்யச் சொல்லலாம், முடிச்சு மூணு மாசத்துக்குள்ள அவருக்கே திரும்பக் கொடுக்கணும். இடிச்சுக் கட்டறதுன்னாலும் காலி செய்யச் சொல்லலாம். அப்போ இடிக்கிற வேலையை ஒரு மாசத்துக்குள்ள தொடங்கி, மூணு மாசத்துக்குள்ள முடிக்கறதா உறுதி கொடுக்கணும்.

இடிக்க அனுமதி வேணும்னா கட்டடம் ஏற்கனவே பாழடைஞ்சிருக்கணுமா? இந்தக் கேள்வி சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நிறுவனம் குடியிருப்பவர் பக்கம். புதுசா நவீனமா கட்டணும்னு உரிமையாளருக்கு ஆசை இருந்தா மட்டும் போதாது, கட்டடத்தின் நிலையே இடிக்க வேண்டிய அளவில் இருக்கணும்னு 1990 வாக்கில் தீர்ப்பு வந்தது. 1996ல் விஜய் சிங் வழக்கில் பெரிய அமர்வு ஒன்று இதைக் கொஞ்சம் தளர்த்தியது. கட்டடத்தின் வயது, நிலைமை, உரிமையாளரின் நேர்மையான நோக்கம், பண வசதி எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும்னு சொன்னாங்க.

நடுவுல இருந்த அந்தச் சில வருஷங்களை ஒரு உரிமையாளரோட மண்டைக்குள்ள போய் யோசிச்சுப் பாருங்க. வீட்டை நல்லா வெச்சுக்கிட்டா வாடகையும் ஏறாது, ஆளும் கிளம்ப மாட்டார். பாழாப் போக விட்டா கேஸ் ஜெயிக்கும். தமிழ்நாட்டு நகரங்கள்ல அரசமரம் முளைச்ச மாடிக் கட்டடங்களைப் பாத்திருப்பீங்களே, அதுல சிலதுக்காவது பின்னாடி இந்தக் கணக்கு இருக்கும்னு எனக்குத் தோணுது.

பம்பாய்ல இது இன்னும் முத்திப் போச்சு. 1947 சட்டம் அங்கே வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்தி வைத்தது. உரிமையாளர்கள் கையை விரித்தார்கள், பழைய கட்டடங்கள் சரிய ஆரம்பித்தன. 1969ல் மகாராஷ்டிர அரசே ஒரு ரிப்பேர் வாரியம் அமைத்து, அதற்குத் தனி வரியும் வசூலித்தது. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாடகையை இப்படி உறைய வைத்தது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்றது. அங்கே 2000ல் அமலுக்கு வந்த புதுச் சட்டம் வருஷத்துக்கு 4 சதவீதம் ஏற்றிக்கொள்ள அனுமதித்தது.

நம்ம சட்டத்துல புதுசா கட்டின கட்டடத்துக்கு அஞ்சு வருஷம் விலக்கு இருந்தது. துறைமுகம், ஸ்பிக், அனல்மின் நிலையம்னு 1970கள்ல தூத்துக்குடிக்கு ஆட்கள் வந்து குவிஞ்சப்போ, புது வீடு கட்டி விட்டவங்களுக்கு அது ஒரு ஆறுதல். 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளுக்கும் விலக்கு இருந்தது. அதை 1986ல் உச்ச நீதிமன்றம் பாரபட்சம் என்று ரத்து செய்தது.

2017: ஒருவழியா ஒரு பட்டியல்

தமிழ்நாடு 2017ல் ஒரு புதுச் சட்டம் நிறைவேற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலாக்கியது. பழைய 1960 சட்டம் போனது, கூடவே நியாய வாடகையும் போனது. வாடகை என்பது இரண்டு பேரும் எழுத்தில் ஒப்புக்கொண்டது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. (சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கேட்டவங்க கவனத்துக்கு! "வேறு ஒப்பந்தம்"ங்கிற வார்த்தையை அவங்களும் படிச்சிருப்பாங்கங்கிறது வேற விஷயம்.)

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பின்னாடி இருக்கிற அட்டவணை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் யார் எந்த ரிப்பேர் செய்யணும்னு பட்டியல் போட்டிருக்காங்க. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, கொசுவலை, தோட்டம் எல்லாம் குடியிருப்பவர். உரிமையாளர் தன் பங்கைச் செய்யாவிட்டால் குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்கலாம். குடியிருப்பவர் செய்யாவிட்டால் உரிமையாளர் செய்து அட்வான்ஸில் கழிக்கலாம்.

1882ல் விட்ட இடத்தை நிரப்ப 135 வருஷம் ஆயிருக்கு. வாஷர் யாரு மாத்தணும்னு சட்டசபை முடிவு பண்றது காமெடியாத் தெரியலாம், ஆனா வாடகைச் சண்டைகள்ல பாதி அந்த வாஷர்லதானே ஆரம்பிக்குது.

பட்டியல் எல்லாத்தையும் தீர்த்துடாது. 2023 டிசம்பர் 17, 18ல எங்க பக்கம் பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை ஊர்களுக்குள்ள வெள்ளம் புகுந்தது, எங்க வீட்டுலயும் இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச பிறகு பாத்தா சுவத்துல இருந்த சுவிட்ச் போர்டெல்லாம் சேறு. அட்டவணைப்படி சுவத்துக்குள்ள ஓடுற ஒயர் என் கணக்கு, அதோட முனையில இருக்கிற சுவிட்ச் டீச்சரம்மா கணக்கு. பீரோவும் மெத்தையும் புள்ளைங்க புத்தகமும் போனவங்ககிட்ட சுவிட்சுக்குக் காசு கேக்க முடியுமா? எங்கம்மா "சுவிட்சை நம்மளே மாத்திருவோம், இந்த மாச வாடகையும் கேக்காத"ன்னு முடிச்சுட்டாங்க. அட்டவணையில இதுக்கு இடம் இல்லை. அதே சமயம், வாடகையை மட்டுமே நம்பி இருக்கிற, கணவர் இல்லாத ஒரு அம்மா ஓனரா இருந்தா அவங்களால அப்படிச் சொல்ல முடியுமாங்கிறதும் கேள்விதான்.

என்ன செய்யலாம்?

இந்த வரலாற்றைப் படிச்சதுல எனக்குப் பட்டது இதுதான். வாடகை எவ்வளவு, எப்போ காலி பண்ணணும்னே பெரும்பாலும் சண்டை போட்டிருக்கோம். வீட்டை யார் உயிரோட வெச்சுக்கறதுங்கிறது ஒரு மூலையில ஒரு பிரிவா கெடந்தது. வெத்தலைக்கொடியை வருஷா வருஷம் இறக்கிக் கட்டுறதுக்கு எங்க ஊர் விவசாயி கூலியை முதல்லயே ஒதுக்கி வெச்சிருவார். வீட்டுக்கு மட்டும் ஒழுகின பிறகுதான் யோசிக்கிறோம்.

நான் இப்போ பண்றது மூணு விஷயம். வருஷத்துக்கு ரெண்டு மாச வாடகையைத் தனி அக்கவுண்ட்ல ரிப்பேருக்குன்னு போட்டுடறேன். (1922ஆம் வருஷத்து வருமான வரிக்காரன் சொன்ன ஆறில் ஒரு பங்கு. பழைய வீட்டுக்கு அது கிட்டத்தட்ட சரியா வருது.) ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சப்போ, ரிப்பேர் பட்டியலைத் தமிழ்லயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், வெள்ளம் புயலுக்கு என்ன செய்யறதுன்னு ஒரு வரியும் சேத்து. வீட்டோட ஒவ்வொரு சுவத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வெச்சிருக்கோம்.

உங்க ஊர்ல எப்படி? வெள்ளையடிக்கிறது ஓனரா, நீங்களா? ஒத்திக்கு இருக்கிறவங்க யாராவது இருந்தா அந்த அனுபவத்தையும் பின்னூட்டத்துல சொல்லுங்க, அதை வெச்சே இன்னொரு பதிவு தேத்திரலாம்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, சட்டத்தை ஆர்வத்துல படிக்கிற பொட்டி தட்டுறவன். இதைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் உங்க ஓனர்கிட்ட காட்டி, அதனால சாமானைத் தெருவுல தூக்கி வெச்சா கம்பெனி பொறுப்பாகாது.